தேவை எதுவென்று ரூட்டருக்குத் தெரியாது

டேட்டா ஓடாத நேரத்துக்கும் லைன் வாடகை கட்ட வேண்டுமா? இப்படிக் கேட்டவுடன் கணக்குப் பிரிவு தலையாட்டிவிடும். நெட்வொர்க் பிரிவும் மறுத்துப் பேசுவதில்லை. அந்தத் தலையாட்டலில் பிறந்ததுதான் தேவைப்படும்போது மட்டும் டயல் செய்யும் ரூட்டர். கிளையில் ஒரு ரூட்டர், தலைமை அலுவலகத்தில் ஒரு ரூட்டர், நடுவில் சாதாரண டெலிபோன் லைனோ ஐஎஸ்டிஎன் லைனோ. அனுப்புவதற்கு ஏதாவது வந்தால் ரூட்டர் தானே எதிர்முனைக்கு டயல் செய்யும். கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் தானே லைனைத் துண்டித்துக்கொள்ளும். மீட்டர் ஓடுவது இணைப்பு இருக்கும் நேரத்துக்கு மட்டும். 1990-களில் இதை 'டயல் ஆன் டிமாண்ட் ரூட்டிங்' என்ற பெயரில் விற்றார்கள். 2000-களின் தொடக்கத்தில் சிஸ்கோவின் சிசிஎன்பி சான்றிதழுக்குப் படித்தவர்கள் 'பிசிரான்' தாளுக்காக இதன் கட்டளைகளை மனப்பாடம் செய்திருப்பார்கள். டெலிபோன் லைன் போய் அந்த இடத்துக்கு 4ஜி சிம் வந்துவிட்டது. நினைப்பு மட்டும் மாறவில்லை. "மெயின் லைன் விழுந்தால் மட்டும் சிம் எழுந்தால் போதும், சும்மா கிடக்கும்போது எதற்கு டேட்டா செலவு?" என்று இன்றும் டெண்டரில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எதிர்த்தரப்பை அதன் பலத்தோடே சொல்லிவிடுகிறேன். லீஸ்டு லைனுக்கு வாடகை தூரத்தையும் வேகத்தையும் வைத்துப் போடப்பட்டது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒரே தொகை. நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் கணக்கு அனுப்புகிற சிறு கிளைக்கு மீதி இருபத்துமூன்றரை மணி நேர வாடகை தண்டம்தான். ஐஎஸ்டிஎன் பேசிக் ரேட் (பிஆர்ஐ) லைனில் தலா 64 கேபிபிஎஸ் வேகமுள்ள இரண்டு பி சேனல்கள், சிக்னலிங்குக்கு 16 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு டி சேனல். அழைப்பு ஓரிரு நொடியில் சேர்ந்துவிடும். கவுன்டரில் இருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். லீஸ்டு லைன் விழுந்தால் அதே பிஆர்ஐ பேக்கப்பாகவும் நிற்கும். போதாததற்கு, பெரும்பாலான நேரம் துண்டிக்கப்பட்டே கிடக்கும் லைன் பத்திரமானது என்று ஒரு வாதமும் உண்டு. ஆக, செலவு மிச்சம், பேக்கப் இலவசம், பாதுகாப்பு கூடுதல். இவற்றின் அடியில் எல்லோருக்கும் பிடித்த ஓர் உவமை இருக்கிறது: ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடலாமா?

ஓடக் கூடாதுதான். ஆனால் ஃபேனின் ஸ்விட்சைத் தட்டுவது அறைக்குள் வந்த ஆள். இங்கே ஸ்விட்சைத் தட்டுவது ஆள் கிடையாது. காற்றில் ஒரு திரைச்சீலை ஆடினாலும் ஃபேன் சுற்றத் தொடங்கும்படி வயரிங் செய்துவிட்டு, மின்சாரம் மிச்சம் என்கிறோம்.

என் மறுப்புகள் ஆறு.

1. ரூட்டர் எண்ணுவது பாக்கெட்டை

தேவை என்பது மனிதருக்கு உரியது. ரூட்டரின் கண்ணுக்குப் படுவது ஒரு பாக்கெட்டின் மேலுறை: எங்கிருந்து, எங்கே, எந்த போர்ட். அந்த மேலுறையைப் பார்த்து, இதற்காக டயல் செய்யலாம், இதற்காகச் செய்யக் கூடாது என்று தீர்மானிக்க 'டயலர் லிஸ்ட்' என்று ஒரு பட்டியலை நாம் எழுதிக் கொடுக்கிறோம். பட்டியலில் பொருந்தும் பாக்கெட் வந்தால் லைன் எழும். அப்படிப்பட்ட பாக்கெட் எதுவும் வராமல் 120 நொடி கடந்தால் லைன் விழும். சிஸ்கோவில் நாம் எதையும் மாற்றாவிட்டால் இதுதான் கணக்கு.

எது வந்து லைனை எழுப்புகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அபத்தம் தெரியும். 'ஷோ டயலர்' என்று தட்டினால், நடந்துகொண்டிருக்கும் அழைப்புக்குக் காரணமான பாக்கெட்டை ரூட்டரே 'டயல் ரீசன்' என்ற வரியில் காட்டிக்கொடுக்கும்: அனுப்பிய முகவரி, போக வேண்டிய முகவரி. ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில், ஷட்டர் இறக்கிய பிறகு அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பி1 விளக்கு எரியும், இரண்டு நிமிடம் நிற்கும், அணையும். சற்று நேரத்தில் மறுபடி எரியும். அனுப்பிய முகவரி, காசாளர் மேஜையில் அணைக்காமல் விட்டுப்போன விண்டோஸ் என்டி பிசியினுடையது. அந்தக் கிளையின் 'மாஸ்டர் பிரவுசர்' என்ற பதவி அதற்குக் கிடைத்திருந்தது. நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தலைமை அலுவலகத்தின் டொமைன் கன்ட்ரோலரோடு ஒத்துப்பார்ப்பது அதன் கடமை. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? யாரும் மாற்றாவிட்டால் 12 நிமிடத்துக்கு ஒருமுறை.

கணக்குப் போடுங்கள். மணிக்கு 5 அழைப்பு, நாளுக்கு 120. ஒவ்வொன்றும் குறைந்தது 2 நிமிடம். நாளுக்கு 4 மணி நேர மீட்டர், ஒரு மனிதரும் ஒரு வேலையும் செய்யாமல். ஞாயிற்றுக்கிழமையும் இதில் சேர்த்தி. அரை மணி நேர வேலைக்கு அரை மணி நேரக் காசு என்று சொல்லித்தானே இதை வாங்கினோம்?

ஃபில்டர் போட்டால் தீர்ந்தது என்பார்கள். போடலாம். 137, 138 போர்ட்களை விலக்குவோம். அடுத்த மாதம் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி வரும். அதற்கடுத்து ஆன்டிவைரஸ் அப்டேட், தன் இருப்பை ஊருக்கே அறிவிக்கும் பிரிண்டர், இல்லாத ஒரு பெயரைத் திரும்பத் திரும்ப டிஎன்எஸ்ஸில் தேடும் ஏதோ ஒரு புரோகிராம். புது மென்பொருள் ஒன்றை நிறுவும்போதெல்லாம் டெலிபோன் பில்லைப் பார்த்துத்தான் பட்டியலைத் திருத்த முடியும். அதாவது காசு போன பிறகு. சரி, தலைகீழாகச் செய்வோம், கோர் பேங்கிங் போர்ட்டை மட்டும் அனுமதித்து மற்ற எல்லாவற்றையும் விலக்குவோம் என்றால், அந்த அப்ளிகேஷன் முதலில் சர்வரின் பெயருக்கு டிஎன்எஸ்ஸிடம் முகவரி கேட்கிறது. டிஎன்எஸ் தலைமை அலுவலகத்தில். பட்டியலில் அதற்கு இடமில்லை, லைன் எழாது. லைன் எழாததால் முகவரி கிடைக்காது. முகவரி கிடைக்காததால் லைனை எழுப்ப வேண்டிய பாக்கெட் பிறக்கவே பிறக்காது. கவுன்டரில் இருப்பவர் 'சர்வர் டவுன்' என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். சர்வருக்கு ஒரு குறையும் இல்லை.

2. டைமருக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது

எத்தனை நொடி வைத்தால் சரி? 120 நொடி வைத்தால், ஒரு சின்ன விசாரணைப் பாக்கெட்டுக்கும் இரண்டு நிமிட லைன் போகிறது. 64 கேபிபிஎஸ் லைன் இரண்டு நிமிடத்தில் 9,60,000 பைட் சுமக்கும். அதில் நாம் ஏற்றியது நூறு பைட். 30 நொடி வைத்தால், வாடிக்கையாளர் பாஸ்புக்கைத் தேடி எடுப்பதற்குள் லைன் விழுந்துவிடும். அடுத்த பட்டனைத் தட்டியதும் புது அழைப்பு. மூன்று நிமிட பல்ஸ் உள்ள இடத்தில் 40 நொடி அழைப்புக்கும் முழு பல்ஸ்தான் கட்டணம். டைமரைக் குறைத்தால் அழைப்பு ஏறுகிறது, கூட்டினால் வெறும் லைனுக்கு மீட்டர் ஓடுகிறது. நடுவில் எங்கோ ஒரு பொன்னான எண் இருக்கும் என்று தேடுவதில் பயனில்லை, ஏனென்றால் அந்த எண் கவுன்டரில் இருப்பவரின் வேகத்தையும் வரிசையின் நீளத்தையும் பொறுத்தது; திங்கட்கிழமை காலையில் ஒன்று, புதன்கிழமை மதியம் இன்னொன்று.

3. லைனைத் தூங்க வைக்க ரூட்டரைப் பொய் சொல்லப் பழக்க வேண்டும்

ரூட்டிங் என்றால் என்ன? உயிரோடு இருக்கிறேன் என்று பக்கத்து ரூட்டரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது. அதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. ரிப் 30 நொடிக்கு ஒருமுறை தன் முழு அட்டவணையையும் அனுப்புகிறது. ஓஎஸ்பிஎஃப் 10 நொடிக்கு ஒருமுறை ஹலோ சொல்கிறது. 40 நொடி பதில் வராவிட்டால் எதிர்முனை செத்தது என்று முடிவுகட்டுகிறது. பேசிக்கொண்டே இருப்பதைத் தொழிலாகக் கொண்டவரிடம், காசு ஆகிறது, பேசாதே என்கிறோம். என்ன நடக்கும்? டயலர் லிஸ்டில் ரிப்பை அனுமதித்தால் லைன் ஒருபோதும் விழாது: 30 நொடிக்கு ஒரு பாக்கெட், 120 நொடி டைமர். விலக்கினால், லைன் விழுந்த 180 நொடியில் அந்த வழி செல்லாது என்று அட்டவணை குறித்துக்கொள்ளும், பிறகு அழித்தும்விடும். வழியே இல்லாத இடத்துக்கு ரூட்டர் டயல் செய்யாது.

ஆகவே நெட்வொர்க் உலகம் வரிசையாகப் பொய்களைக் கண்டுபிடித்தது. முதல் பொய், ஸ்டாட்டிக் ரூட். எதிர்முனை எரிந்து சாம்பலானாலும் அது இருக்கிறது என்று கையால் எழுதிவைப்பது. அடுத்தது, 1995-இல் ஜான் மோய் எழுதிய ஆர்எஃப்சி 1793. ஓஎஸ்பிஎஃப் முதல்முறை அண்டை ரூட்டரோடு ஒத்துப்போன பிறகு ஹலோவை நிறுத்திவிடும். கற்றுக்கொண்ட தகவலுக்கு வயது ஏறாது என்று ஒரு பிட் வைத்துவிடும். லைன் துண்டிக்கப்பட்டிருந்தாலும் எதிர்முனையை எட்ட முடியும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் மிகவும் கெட்டிக்காரத்தனமான வேலை, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் என்ன விலை கொடுத்தோம்? அந்த ஏரியாவில் இருக்கும் எல்லா ரூட்டர்களுக்கும் இந்த ஏற்பாடு புரிய வேண்டும். ஒரே ஒரு பழைய ரூட்டர் இருந்தாலும் வயதில்லாத தகவல் செல்லாது. ஹலோ நின்றுபோனாலும், வேறெங்கோ ஒரு லைன் எழுந்து விழுந்து ஆடினால் அந்த மாற்றச் செய்தி எல்லா இடங்களுக்கும் போய்ச்சேர வேண்டும். அதற்காக நூறு கிளைகளின் ரூட்டர்களும் டயல் செய்யும். அதனால் இத்தகைய லைன்களை ஸ்டப் போன்ற ஒதுக்கமான ஏரியாக்களில் வையுங்கள் என்று அந்த ஆவணமே அறிவுறுத்துகிறது. நோய்க்கு மருந்து கொடுத்த கையோடு நோயாளியைத் தனி அறையிலும் வைக்கச் சொல்கிறது.

மூன்றாவது பொய்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நோவெல் நெட்வேர் கோலோச்சிய காலத்தில், பயனர் சற்று நேரம் சும்மா இருந்தால் சர்வர் 'இருக்கிறாயா?' என்று ஒரு வாட்ச்டாக் பாக்கெட் அனுப்பும். பதில் வராவிட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு அவரை வெளியேற்றிவிடும். இந்தக் கேள்விக்காக லைன் எழக் கூடாதே! தலைமை அலுவலக ரூட்டர், கிளையில் இருக்கும் பிசியின் சார்பில் 'இருக்கிறேன்' என்று தானே பதில் சொல்லிவிடும். 'ஸ்பூஃபிங்' என்று இதற்குக் கட்டளையே உண்டு. கிளையில் அந்த பிசியை ப்ளக்கோடு பிடுங்கி ரிப்பேருக்கு அனுப்பியிருப்பார்கள். சர்வரின் கணக்கில் அது இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். நெட்வேர் லைசென்ஸ் இத்தனை பேர் என்று எண்ணி விற்கப்பட்டது. இல்லாத ஆட்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, காலையில் வந்த உண்மையான ஊழியர் லாகின் செய்ய முடியாமல் நிற்பார். டெலிபோன் பில்லில் மிச்சம் பிடித்த காசில் கூடுதல் லைசென்ஸ் வாங்க வேண்டியதுதான்.

ஒரு தகவல் அமைப்பின் நடுவே இருக்கும் சாதனத்தை, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும்படி திட்டமிட்டுக் கட்டமைத்த பிறகு, கோளாறு எங்கே என்று அதனிடமே கேட்கிறோம்.

4. முதல் பாக்கெட்டின் கதி என்ன?

ஐஎஸ்டிஎன்னில் இது சின்னப் பிரச்சினை. மோடத்தில் பெரியது: டயல் செய்து, இரண்டு மோடமும் கத்தி ஒத்துப்போய், பிபிபி பேச்சு முடித்து, பாஸ்வேர்டு சரிபார்க்க அரை நிமிடம் ஆகிவிடும். அதற்குள் முதல் பாக்கெட்டை ரூட்டர் கீழே போட்டிருக்கும். அந்தக் கால டிசிபி மறுபடி முயலும்: முதல் காத்திருப்பு 3 நொடி, பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு. 3-ஆவது நொடி, 9-ஆவது நொடி, 21-ஆவது நொடி, 45-ஆவது நொடி. லைன் 30-ஆவது நொடியில் தயாரானாலும் பயனருக்கு 45 வரை திரை அசையாது. இணைந்த பிறகுதான் முகவரி தரும் சேவையாக இருந்தால் கதை இன்னும் மோசம்: லைனை எழுப்பிய பாக்கெட்டில் பழைய முகவரி எழுதியிருக்கும், அதற்குப் பதில் வந்துசேரவே வழியில்லை. லினக்ஸ் கர்னலில் இதைச் சமாளிக்கவென்றே 'ஐபி டைனஅடர்' என்று ஓர் அமைப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால் தொல்லை எவ்வளவு பரவலாக இருந்திருக்கும்!

இரு முனைக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் டயல் செய்யும். ஒற்றை லைன் உள்ள இடத்தில் இரண்டுக்கும் பிஸி டோன். ஒரே இடைவெளியில் மறுமுயற்சி என்றால் மறுபடியும் பிஸி. ஒரு முனைக்கு மட்டும் டயல் உரிமை கொடுத்துத்தான் இதைத் தீர்த்தார்கள். அப்படித் தீர்த்தவுடன் மறுமுனையின் தேவைக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

5. பேக்கப் என்பது நெருக்கடியில்தான் சோதிக்கப்படுகிறது, அப்போதுதான் தோற்கிறது

செலவுக் கணக்கில் தோற்றவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். "அன்றாட வேலைக்கு வேண்டாம் ஐயா, பேக்கப்புக்காவது வைத்துக்கொள்ளலாமே?" நம் ஊர் வங்கிகள் கோர் பேங்கிங்குக்கு மாறிய காலத்தில் லீஸ்டு லைனுக்கு ஐஎஸ்டிஎன் பேக்கப் என்பது எழுதாத சட்டம் மாதிரி இருந்தது. இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் காசு போனால் பில்லில் தெரியும், இது தெரியாது.

பேக்கப்பை எழுப்ப வேண்டும் என்று ரூட்டருக்கு எப்படித் தெரியும்? எளிய அமைப்பில், மெயின் லைனின் இன்டர்ஃபேஸ் 'டவுன்' ஆனால். ஃப்ரேம் ரிலே நாட்களில் நம் ரூட்டரின் இன்டர்ஃபேஸ் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சுவிட்சோடு. தொலைவில் சர்க்யூட் அறுந்துபோயிருக்கும், பக்கத்து சுவிட்ச் நலமாகப் பேசிக்கொண்டிருக்கும், இன்டர்ஃபேஸ் 'அப்', பேக்கப் தூங்கும். இன்று அந்த சுவிட்சுக்குப் பதில் சர்வீஸ் புரொவைடர் மாட்டிவிட்டுப் போன மீடியா கன்வெர்ட்டர் இருக்கிறது. ஃபைபர் எங்கோ துண்டாகியிருக்கும், கன்வெர்ட்டரிலிருந்து ரூட்டர் வரை வரும் ஒரு மீட்டர் கேபிளில் பச்சை விளக்கு மினுமினுக்கும். 'லிங்க் இருக்கு சார், உங்க சர்வர்ல பாருங்க' என்று கால் சென்டர் சொல்லும். 4ஜி மோடம் அந்த விளக்கை நம்பிச் சும்மா கிடக்கும்.

சரி, ரூட்டர் கண்டுபிடித்துவிட்டது, டயல் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வழியாக? லீஸ்டு லைனும் ஐஎஸ்டிஎன்னும் ஒரே எக்ஸ்சேஞ்சிலிருந்து, பெரும்பாலும் ஒரே நிலத்தடி கேபிளில் பக்கத்துப் பக்கத்து ஜோடிகளாக வந்தவை. சாலை ஓரத்தில் ஜேசிபி ஒருமுறை கையை இறக்கினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

கேபிளும் நலம் என்றே வையுங்கள். எதிர்முனையில் யார் எடுப்பார்கள்? தலைமை அலுவலகத்தில் ஒரு பிரைமரி ரேட் ஐஎஸ்டிஎன் லைன் போட்டிருப்பார்கள்: நம் நாட்டில் அதில் 30 பி சேனல்கள். நாற்பது கிளைகள். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் லைன் போகவா போகிறது, 30 தாராளம் என்று கணக்கு. ஒரு கிளையின் லைன் விழுந்தால் இது சரி. ஆனால் பேக்கப் என்ற ஒன்றுக்காக நாம் உண்மையில் பயப்படுவது எதற்கு? தலைமை அலுவலகப் பக்கத்து மக்ஸ் எரிந்துபோவதற்கு, மெயின் ரூட்டர் விழுவதற்கு. அன்றைக்கு நாற்பது கிளைகளும் ஒரே நொடியில் டயல் செய்யும். வேகம் வேண்டுமே என்று மல்டிலிங்க் வேறு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கிளையும் இரண்டு சேனல் கேட்கும். முதல் பதினைந்து கிளைகள் முப்பதையும் எடுத்துக்கொள்ளும். மீதி இருபத்தைந்து கிளைகளுக்கு பிஸி டோன். பதினைந்து கிளைகளுக்கு 128 கேபிபிஎஸ், இருபத்தைந்து கிளைகளுக்கு பூஜ்யம். அதுவும் எது முக்கியமான கிளை என்பதை வைத்து அல்ல, எது முந்திக்கொண்டது என்பதை வைத்து.

இன்னொன்றும் உண்டு, சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு அற்பமானது. மாதக்கணக்கில் எழாத லைனின் பில்லை யாரோ கட்ட மறந்திருப்பார்கள். எக்ஸ்சேஞ்ச் மாறியதில் நம்பருக்கு முன்னால் ஓர் இலக்கம் கூடியிருக்கும். கிளை ரூட்டரில் பழைய நம்பரே இருக்கும். சிம் காலத்தில், 90 நாள் பயன்படாமலும் போதிய பேலன்ஸ் இல்லாமலும் கிடக்கும் ப்ரீபெய்டு சிம்மை நிறுவனம் செயலிழக்கச் செய்யலாம். டிராய் விதியே அப்படி. பயன்படுத்தாமல் சேமித்து வைத்ததாலேயே செத்துப்போகும் பேக்கப்!

6. மூடிய கதவு என்ற கற்பனை

டயல்-அப் லைன் பெரும்பாலும் துண்டிக்கப்பட்டிருப்பதால் பத்திரம் என்கிறவர்கள், டயல் செய்யும் முனையை மட்டும் பார்க்கிறார்கள். எடுக்கும் முனை இருபத்துநான்கு மணி நேரமும் உலகத்தில் டெலிபோன் வைத்திருக்கும் எவர் அழைத்தாலும் எடுக்கக் காத்திருக்கிறது. லீஸ்டு லைனுக்கு இரண்டே முனைகள்தான். நம்பர் நம்பராக டயல் செய்து எங்கே மோடம் எடுக்கிறது என்று தேடுவது எவ்வளவு பழைய விளையாட்டு என்றால், 1983-இல் வந்த 'வார் கேம்ஸ்' படத்தை வைத்தே அதற்கு வார் டயலிங் என்று பெயர் வந்தது. சாப் பாஸ்வேர்டு, காலர் ஐடி சோதனை, கால்பேக் என்று பூட்டுகள் போட்டார்கள் உண்மைதான். பூட்டு தேவைப்பட்டதே கதவு தெருவைப் பார்த்து இருந்ததால்தான்.

அப்படியானால் டயல்-அப்பே தவறா? இல்லவே இல்லை. எதிர்த்தரப்பு இங்கேதான் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய யூயூசிபி 1970-களின் பிற்பகுதியிலிருந்து டெலிபோன் லைன் வழியாகத்தான் மெயிலையும் கோப்புகளையும் சுமந்தது, பிரமாதமாகச் சுமந்தது. 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டில், எல்லாக் கணினிகளும் மெயில் வாங்கத் தயாராக இருக்க வேண்டும் என்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு இடையே ஆரம்பகால மெயில் போனதும் டயல்-அப் யூயூசிபி வழியாகத்தான். ஜப்பானில் கடைகளும் மொத்த வியாபாரிகளும் ஆர்டர் தரவை ஐஎஸ்டிஎன் வழியே பரிமாறிக்கொள்ளும் வழக்கம், என்டிடி தன் ஐஎன்எஸ் நெட்டின் டிஜிட்டல் டேட்டா முறைக்கு 2024 ஜனவரியில் முடிவுகட்டத் தொடங்கும் வரை நீடித்தது.

இவை ஏன் ஓடின? டயல் செய்யும் முடிவை எடுத்தது அப்ளிகேஷன், அல்லது அதை இயக்கிய மனிதர். அனுப்ப வேண்டியது ஒரு கட்டாகச் சேர்ந்தது. மலிவான நேரம் பார்த்து அழைத்தார்கள். கொடுத்தார்கள், வாங்கினார்கள், வைத்தார்கள். லைன் எப்போதும் இருக்கிறது என்று யாரும் நடிக்கவில்லை. பிசிக்கும் பிரவுசருக்கும் பிரிண்டருக்கும் லைன் எப்போதும் இருக்கிறது என்று காட்டிவிட்டு, பின்னால் அதைத் துண்டித்து வைத்ததுதான் டயல் ஆன் டிமாண்ட் ரூட்டிங் செய்த கோளாறு.

இதைத் தொழில்துறையே ஒருவகையில் ஒத்துக்கொண்டது. 1990-களின் பிற்பகுதியில் 'ஆல்வேஸ் ஆன் டைனமிக் ஐஎஸ்டிஎன்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. டி சேனலில் 9.6 கேபிபிஎஸ் அளவுக்கு ஒரு மெல்லிய எக்ஸ்.25 இணைப்பு எப்போதும் உயிரோடு இருக்கும். சுமை கூடினால் மட்டும் பி சேனல்கள் எழும், குறைந்தால் விழும். இணைப்பு நிரந்தரம், அகலம் தேவைக்கேற்ப. எதிர்முனை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு எந்நேரமும் உண்மையான பதில் உண்டு. காசு கரையும் பெரிய சேனலுக்கு மட்டும் கட்டுப்பாடு. துரதிர்ஷ்டவசமாக அது பரவுவதற்குள் டிஎஸ்எல் வந்துவிட்டது.

"இதெல்லாம் பழங்கதை, ஐஎஸ்டிஎன்னே போய்விட்டது" என்று புறங்கையால் தள்ள முடியாது. சிஸ்கோவின் செல்லுலார் மோடம் பொருத்திய கிளை ரூட்டர்களில் அதே டயலர் குரூப், டயலர் லிஸ்ட், ஐடில் டைம்அவுட் கட்டளைகள்தான் தொடர்ந்தன. கிரிப்டோ மேப் போட்ட ஐபிசெக் டன்னல், பட்டியலில் பொருந்தும் பாக்கெட் வந்தால்தான் எழும். முதல் பாக்கெட் தொலைந்துபோகும். சும்மா இருந்தால் விழும். இதைத் தாங்க முடியாமல் நம் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்? ரூட்டரிலேயே ஒரு பிங்கை முடிவில்லாமல் ஓடவிட்டு டன்னலை விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த ஊர் நெட்வொர்க்கில் பார்த்தாலும் அந்த பிங் இருக்கும், 'யாரும் நிறுத்த வேண்டாம்' என்ற குறிப்போடு. தேவைப்படும்போது மட்டும் எழும் இணைப்பை வாங்கி, தேவை இருப்பதாக ஓயாமல் பாசாங்கு செய்ய ஒரு வேலையாளையும் அமர்த்தியிருக்கிறோம்.

எப்போதும் எழுந்திருக்கும் பேக்கப்புக்கு என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது கணக்குப் பார்த்திருக்கிறோமா? 10 நொடிக்கு ஒரு ஹலோ; டன்னல் மேலுறையெல்லாம் சேர்த்து 150 பைட் என்று வையுங்கள். நாளுக்கு 8,640 ஹலோ, ஏறக்குறைய 1.3 எம்பி. இரு திசையும் சேர்த்து மாதத்துக்கு 80 எம்பிக்குள். இதை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை வேடம்.

அடுத்த டெண்டரில் 'மெயின் லைன் விழுந்தால் பேக்கப் தானாக எழ வேண்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, இரண்டு லைனும் எந்நேரமும் எழுந்திருக்க வேண்டும், இரண்டிலும் ரூட்டிங் ஓட வேண்டும், ஏடிஎம் டிராஃபிக் அன்றாடம் பேக்கப் வழியாகவே போக வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குக் கூடுதலாகும் என்று விற்பனையாளர் விலையை ஏற்றிச் சொன்னால், 80 எம்பிக்கு எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள்.